பிள்ளை பிறந்த வீட்டில் தந்தைக்கு இடம் உண்டா?

பிள்ளைப்பேற்றைப் பெண்ணின் மறுபிறவி என்பார்கள் நம் மூத்தோர். அம்மறுபிறவி எடுத்தவளுக்கு ஓய்வு வேண்டும், ஓய்வுக் காலத்தில் ஊதியமும் வேண்டும் என்பதை இன்று மறுத்துரைப்பார் எவரும் இலர். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் வேலை செய்யும் பெண்ணுக்கு 12 வாரம் ஊதியத்துடன் விடுப்பு அளித்தது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் இரு பேறுகளுக்கும் அதனை 26 வாரமாக உயர்த்தியது. தமிழக அரசோ தன் பெண் ஊழியர்க்கு 2011-இல் 6 மாதம், 2016-இல் 9 மாதம், 2021-இல் 12 மாதம் எனப் படிப்படியாகக் கூட்டி வந்துள்ளது. இவையெல்லாம் போற்றத்தக்கவை. ஆயின் பிறந்த பிள்ளைக்குத் தந்தை என்று ஒருவர் இருக்கிறாரே, அவருக்கு என்ன என்று கேட்டால், நம் நாட்டுச் சட்டங்களில் பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கிறது.

அடியோடு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட இயலாது. மத்திய அரசில் பணிபுரியும் ஆண்களுக்கு 1997 முதல் 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு. ஐந்தாவது மத்திய ஊதியக் குழுவின் அறிக்கைக்குப் பின் பிறந்த ஆணை இது. அக்குழுவின் தலைவராயிருந்தவர் நெல்லைச் சீமையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற நீதியரசர் இரத்தினவேல் பாண்டியன் என்பது தமிழர் அறிந்து மகிழத்தக்கது. விதி தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. உயிரோடிருக்கும் பிள்ளைகள் இருவருக்குக் குறைவாக உள்ளவர் இதைப் பெறலாம். பேற்றுக்கு 15 நாள் முன்னதாகவோ, பேறு நிகழ்ந்து 6 மாதத்துக்குள்ளாகவோ எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசியாக வாங்கிய சம்பளமே விடுப்புச் சம்பளம். மற்ற விடுப்புக் கணக்கில் ஒரு நாளும் கழியாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுப்பவருக்கும் இவ்வண்ணமே 15 நாள் உண்டு. சாதாரணமாக இதனை மறுக்கலாகாது என்றும் விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆறு மாதம் கடந்தால் மட்டும் உரிமை அற்றுப்போகும்.

நிற்க. இந்த 15 நாள் நம் சேலம், நாமக்கல் சமவெளியில் யாருக்குக் கிடைக்கிறது? சேலம் இரயில்வே கோட்டத்தில் வேலை பார்ப்பவருக்குக் கிடைக்கும். அஞ்சலகத்தார்க்குக் கிடைக்கும். வருமான வரி அலுவலகத்தார்க்கும் கிடைக்கும். அவ்வளவில் பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

நம் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தந்தையின் தொழில் என்று ஒரு பத்தி உண்டு. அப்பத்தியில் எழுதும்போது நம் கை அடிக்கடி எழுதும் சொற்கள் வேறு: லாரி ஓட்டுநர், கிளீனர், ரிக் வண்டி வேலை, விசைத்தறி, ஜவ்வரிசி ஆலை, கோழிப்பண்ணை, கொலுசுப் பட்டறை, கொத்தனார், கூலி. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லோடு ஏற்றி வடநாட்டுக்குப் புறப்படும் லாரி என்று திரும்பும் என்பதை அதன் உரிமையாளரே அறுதியிட்டுச் சொல்ல மாட்டார். போன இடத்தில் திரும்பு லோடு கிடைக்கவேண்டும். அதுவரை ஓட்டுநர் அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்துண்டு, வண்டிக்கடியில் படுத்துக் காத்திருப்பார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளின் நிலை இன்னும் கடினம். ஆழ்துளைக் கிணறு தோண்ட மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான் என்று போகும் ஆட்கள் மாதக் கணக்கில் வீடு திரும்புவதில்லை. பிள்ளை பிறந்த செய்தி அவர்களைத் தொலைபேசியில் எட்டுகிறது. பிள்ளையின் முகம் செல்பேசித் திரையில் தெரிகிறது. தந்தை ஊர் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஞானஸ்நானத்தைத் தள்ளிவைக்க வருவோரை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். பிள்ளை பிறந்த சில வாரங்களுக்குள் ஞானஸ்நானம் கொடுக்கவேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம். ஆயினும் அக்குடும்பத்தாரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வருவதில்லை.

பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறி ஓட்டுபவர் ஊரை விட்டுப் போவதில்லை. ஆனால் அவருக்கு மீட்டர் கணக்கில் கூலி. தறி நின்றால் கூலி நிற்கும். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் ஒருபுறம் இருக்க, மனைவியின் பேற்றுச் செலவும் சேர்ந்துகொள்ளும்போது, பிள்ளை பிறந்த மறுநாளே அவர் தறிக்குப் போய்விடுகிறார். அவருக்கு அன்பில்லை என்று யார் சொல்ல முடியும்? அரிசிக்கடைக் கணக்கு அவரைத் தறிக்கூடத்துக்கு அனுப்புகிறது. ஊதியமில்லா விடுப்பு என்பது ஏழைக்கு விடுப்பே அன்று. அது பட்டினிக்கு இன்னொரு பெயர். ஆகவே விடுப்பையும் ஊதியத்தையும் பிரித்துப் பேசுதல் பயனற்றது.

காவல் ஆய்வாளர் ஒருவரின் வழக்கு

கூலித் தொழிலாளர்க்குத்தான் இந்நிலை என்று எண்ணவேண்டா. 2023-ஆம் ஆண்டு தென்காசி மாவட்டத்தில் காவல் ஆய்வாளர் ஒருவர், தம் மனைவியின் பேறுகாலத்தை முன்னிட்டு 90 நாள் விடுப்புக் கேட்டார். முதலில் ஒப்புதல் அளித்தனர்; பின்னர்ச் சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டி அதனை நீக்கினர். அவர் நீதிமன்றம் சென்றார். மே மாதத்துக்கு 30 நாள் கிடைத்தது. அவ்விடுப்பு முடியும் தறுவாயில்தான் பிள்ளை பிறந்தது. நீட்டிப்புக் கிடைக்கவில்லை. அவர் பணிக்குத் திரும்பாமற்போகவே, ‘விட்டோடி’ என்று அறிவித்துவிட்டார்கள். காவல்துறை வழக்கில் அச்சொல் பணியைக் கைவிட்டு ஓடிப்போனவரைக் குறிப்பது. பச்சை உடம்புக்காரியான மனைவியின் கட்டிலருகே நின்றவருக்கு அப்பெயர்!

2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதியரசர் எல். விக்டோரியா கௌரி அவ்வாணையை நீக்கினார். அத்தோடு நில்லாமல், அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையைச் சுட்டி, தந்தையின் அருகாமை பிறக்கும் குழந்தைக்குரிய உரிமையோடு தொடர்புடையது என்றும், இந்நாட்டில் தந்தையர் விடுப்புக்கெனத் தனிச் சட்டம் தேவை என்றும் கூறினார். இவ்வழக்கு நடந்தபோது தமிழக அரசு ஊழியர் விதிகளில் தந்தைக்கென்று தனி விடுப்பு இருக்கவில்லை. அண்டை மாநிலமாகிய கேரளம் தன் ஊழியர்க்கு 10 நாள் தருகிறது. சின்னஞ்சிறு சிக்கிம் 2023-இல் ஒரு மாதம் என்று அறிவித்தது. தாய்மார்க்கு ஓர் ஆண்டு தரும் அளவு மனம் விரிந்த நம் மாநிலம், தந்தையை இந்த அளவு மறந்தது எப்படி?

நம் கருத்தில் இதற்குக் காரணம் அரசின் கஞ்சத்தனம் அன்று; நம் வீட்டு வழக்கம். கொங்குச் சீமையில் தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்ததும் பெண் பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறாள். பேறு, பத்தியம், எண்ணெய்க் குளியல், தொட்டில் எல்லாம் அவள் தாயின் பொறுப்பு. மாப்பிள்ளை பிள்ளையைப் பார்க்க விருந்தாளிபோல் வருவார், நாற்காலியில் அமர்வார், காப்பி அருந்துவார், துணியில் சுற்றிய பிள்ளையைக் கையில் கொடுத்தால் எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் விழிப்பார், மாலையில் பேருந்து ஏறிவிடுவார். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாயும் சேயும் வீடு திரும்பும்வரை அவர் பழையபடி தனியாளே. இத்தகைய வழக்கத்தில் வளர்ந்த அதிகாரிக்கு, ஆண்மகன் ஒருவர் பேறுகால விடுப்புக் கேட்டால் நகைப்பு வருகிறது. கேட்பவருக்கே கூச்சம் வருகிறது.

அவ்வழக்கம் ஒரு காலத்தில் நன்றாகவே நடந்தது. ஏனெனில் பாட்டி வீட்டில் இருந்தார். இன்று அந்தப் பாட்டிக்கு 45 வயது. அவரே நூற்பாலைக்கோ, தறிக்கோ, நூறு நாள் வேலைக்கோ போகிறார். மகளுக்காக ஒரு வாரம் நிற்பார். இரண்டாம் வாரம் அவருடைய வருமானமும் நின்றால் அந்த வீடும் தள்ளாடும். அறுவைச் சிகிச்சையால் பிள்ளை பெறுவோரும் இந்நாளில் ஏராளம். தையல் ஆறாத நிலையில் குடத்தைத் தூக்காதே என்று மருத்துவர் சொல்லியனுப்புகிறார். தூக்குவது யார் என்று அவர் சொல்வதில்லை. இரண்டாம் பேறானால் நிலை இன்னும் மோசம். மூத்தது மூன்று வயதுப் பிள்ளை. அதற்குச் சோறூட்ட ஒருவர், மருத்துவமனைக்கு ஒருவர் வேண்டும்.

ஆறு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு விதி சொல்வது இவ்விடத்தில்தான் பெரிதும் பொருந்துகிறது. பேறு தாய்வீட்டில் நிகழ்ந்தாலும், தாயும் சேயும் புகுந்த வீட்டுக்குத் திரும்பும் அந்த வாரத்தில் தந்தை விடுப்பு எடுக்கலாம். இரவில் மூன்று முறை அழும் பிள்ளையோடு இளந்தாய் முதன்முதல் தனித்து விடப்படும் வாரம் அதுவே. அவ்வாரத்தில் அவள் சோர்ந்து அழுவதைக் ‘காற்று, கருப்பு’ என்று சொல்லி மந்திரிக்க அழைத்துச் செல்லும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அவளுக்கு வேண்டியது நான்கு மணி நேர உறக்கம்.

நம் மறை என்ன சொல்கிறது?

இது மேலைநாட்டு நாகரிகம் என்று சிலர் ஒதுக்கக்கூடும். முதலில் இணைச்சட்ட நூலின் 24-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கட்டும். புதிதாக மணமுடித்தவனைப் போருக்கு அனுப்பலாகாது, வேறு பொதுப்பணியும் சுமத்தலாகாது, ஓராண்டு அவன் வீட்டிலிருந்து மனைவியை மகிழ்விக்கட்டும் என்பது அங்குள்ள கட்டளை. அரசனின் படையைவிட இளங்குடும்பத்தின் உரிமை முந்தியது என்று கண்ட சட்டம் அது.

அடுத்துப் புனித சூசையப்பரைப் பார்ப்போம். அவர் தச்சர், அன்றாடம் உழைத்து உண்பவர். பெத்லகேம் பயணத்திலும் தொழுவத்திலும் அவர் இருந்தார். நாற்பதாம் நாள் குழந்தையைக் கோவிலில் ஒப்புக்கொடுக்க அன்னை மரியாளோடு எருசலேம் சென்றார். ஆபத்து வந்தபோது இரவோடிரவாக எழுந்து தாயையும் சேயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்கு நடந்தார். அத்தனை நாளும் அவருடைய உளியும் இழைப்புளியும் நாசரேத்தில் கிடந்திருக்கும். நற்செய்தி நூல்களில் சூசையப்பர் பேசிய சொல் ஒன்றுகூட இல்லை. உடனிருந்ததே அவர் செய்த பணி. தொழிலாளராகிய சூசையப்பருக்கு மே 1-ஆம் நாளைத் திருநாளாக 1955-இல் ஏற்படுத்தினார் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர். மார்ச் 19-இல் அவரைக் குடும்பத் தலைவராகவும் மே 1-இல் தொழிலாளராகவும் கொண்டாடும் நாம், இவ்விரண்டும் ஒரே மனிதர் என்பதை மறந்துவிடுகிறோம்.

உழைப்புக்கு நியாயமான கூலி என்பது குடும்பத்தைத் தாங்கும் கூலியே என்று 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தொடங்கிவைத்த சமூகப் படிப்பினை வளர்ந்து வந்துள்ளது. 1981-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி ஒரு சுற்றுமடலும், அதே ஆண்டு நவம்பரில் குடும்பத்தைப் பற்றி ஓர் அறிவுரையும் வெளியிட்டார். பின்னதில் தந்தையைப் பற்றி ஒரு பகுதியே உண்டு. தந்தை இல்லாமற்போவது குடும்பத்தின் மனநலத்தையும் ஒழுக்கத்தையும் குலைக்கிறது என்றும், தொழில் ஒருபோதும் குடும்ப ஒற்றுமையைச் சிதைப்பதாய் இருக்கலாகாது என்றும் அவர் அங்கே கற்பிக்கிறார். நம் லாரி ஓட்டுநர் வீடுகளை நன்கறிந்தவர் எழுதியதுபோல் இருக்கிறது.

அண்மைச் செய்தி ஒன்றையும் கேளுங்கள். 2025 ஆகஸ்டில் வத்திக்கான் தன் ஊழியர்க்கு ஒரு புதிய ஒழுங்கை வெளியிட்டது. பிள்ளை பிறந்தால் தந்தைக்கு முழு ஊதியத்தோடு 5 வேலை நாள் விடுப்பு. அதற்கு ஒப்புதல் அளித்தவர் திருத்தந்தை 14-ஆம் லியோ. சிங்கராயர் என்று நம் முன்னோர் தமிழாக்கிய அதே பெயரை அவர் சூடியிருப்பது பொருத்தமே. 5 நாள் பெரிதன்று. ஆயினும் உரோமையில் அது விதியாக எழுதப்பட்டுவிட்டது.

நம் நிறுவனங்களில் என்ன எழுதப்பட்டிருக்கிறது? பள்ளிகள், மருத்துவமனைகள், மாணவர் விடுதிகள், அச்சகங்கள், தொழிற்பயிற்சி நிலையங்கள் எனத் தமிழகமெங்கும் திருச்சபையும் ஒரு முதலாளியே. அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்க்கு அரசு விதி. மற்றவர்க்கு? பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், இரவுக் காவலர், விடுதிச் சமையற்காரர், தோட்டக்காரர் இவர்களுக்குப் பிள்ளை பிறந்தால், நிர்வாகியின் நல்ல மனமே விதி. நல்ல மனம் பல இடங்களில் இருக்கிறது, நாம் அறிவோம். ஆனால் நிர்வாகி மாறினால் மனமும் மாறும். எழுத்தில் உள்ளது மாறாது. ஏன், நம் கோயிற்பிள்ளையை எண்ணிப் பாருங்கள். கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுப் பூசைக்கு மணியடித்து, குடிலில் குழந்தை இயேசுவின் சுரூபத்துக்கு வைக்கோல் பரப்பிக் கொடுப்பவர் அவர். அவர் வீட்டில் பிள்ளை பிறந்தால் எத்தனை நாள் என்று எந்தத் தாளில் எழுதியிருக்கிறது? குழந்தை இயேசுவின் பெயரால் பேராலயம் எழுப்பிய மறைமாவட்டம் இது. உரோமை தரும் 5 நாளை நம் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தன் பணி விதியில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். இதற்கு நாடாளுமன்றம் கூடத் தேவையில்லை. ஒரு நிர்வாகக் குழுக் கூட்டம் போதும்.

தனியார் துறைக்கு மட்டும் நாடாளுமன்றம் வேண்டும். 2017-இல் மகாராஷ்டிர மாநில மக்களவை உறுப்பினர் இராஜீவ் சாதவ் தந்தையர் நல மசோதா ஒன்றைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அமைப்புசாராத் தொழிலாளர் உள்ளிட்ட அனைவர்க்கும் 15 நாள், தேவையெனில் 3 மாதம் வரை என்பது அதன் சாரம். அது சட்டமாகவில்லை, அவரும் 2021-இல் காலமானார். 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் மகப்பேற்று நலனுக்குத் தனி அதிகாரம் இருக்கிறது. தந்தைக்கு இல்லை.

முதலாளிகள் தரப்பையும் கேட்பதே நீதி. நாமக்கல்லில் லாரி உரிமையாளர் என்றால் மாளிகையில் வாழ்பவர் என்று பொருளன்று. ஒற்றை வண்டியைத் தவணைக் கடனில் வாங்கி, தாமே ஓட்டி, மாற்றாளாக ஒரே ஓட்டுநரை வைத்திருப்போர் மிகப் பலர். அவரிடம் போய் 15 நாள் சம்பளத்தோடு ஆளை வீட்டுக்கு அனுப்பு என்றால், அவருடைய தவணை தவறும். சுமை முழுவதையும் தனி முதலாளியின் தோளில் ஏற்றினால் வேறொரு கேடும் விளைகிறது. 26 வார ஊதியத்துக்கு அஞ்சி, மணமான இளம்பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்கும் சிறு நிறுவனங்களை நாம் காண்கிறோம். ஆகவே சாதவ் மசோதா, தொழிலாளியும் முதலாளியும் அரசும் பங்கு செலுத்தும் பொது நிதி ஒன்றைச் சொல்லியிருந்தது. சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் முதல் தந்தைக்கு 4 வார விடுப்புக் கட்டாயம். அதில் முதலாளி தரும் சம்பளத்தை ஒரு வரம்புக்குட்பட்டு அரசு திருப்பித் தந்துவிடுகிறது. நம் உறவினர் பலர் அங்கே வேலை செய்து அப்பயனைப் பெறுகிறார்கள். ஈ.எஸ்.ஐ. என்னும் ஏற்பாட்டை 1948 முதலே சட்டமாக வைத்திருக்கும் நாட்டுக்கு, அத்தகைய நிதியை அமைப்பது இயலாத காரியம் அன்று. அந்த நாள் வரும்வரை லாரி உரிமையாளராயிருக்கும் நம் விசுவாசிகள் ஒன்று செய்யலாம். ஓட்டுநரின் மனைவிக்குப் பேறுகாலம் நெருங்கும் மாதத்தில் அவரை வடநாட்டு லோடுக்கு அனுப்பாமல், உள்ளூர் நடையே கொடுக்கட்டும். இதற்குக் கைப்பணம் அதிகம் செலவாகாது. ஒரு வாரப் பேட்டாவையும் கையில் கொடுத்தால் அது அவர்களின் பெருந்தன்மை.

‘விடுப்புக் கொடுத்தால் என்ன செய்வான்? டீக்கடையில் சீட்டாடுவான், மாலையில் டாஸ்மாக் போவான்’ என்று நம்மிடம் சொன்னவர்களுள் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். இதை நாம் சிரித்துத் தள்ளுவதற்கில்லை. சிலர் அவ்வாறே செய்வர். ஆனால் தொழிலாளிக்கு ஞாயிறு ஓய்வு கேட்ட காலத்திலும் இதே மறுப்புத்தான் சொல்லப்பட்டது. மேலும், பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியாதவரிடம் பிள்ளையைக் கொடுக்காமலே இருந்தால் அவர் என்று கற்பது? மாமியார்மாருக்கு நாம் சொல்வது இதுதான்: மருமகன் துணி அலச வந்தால், ‘ஆம்பிளைக்கு எதுக்கு இந்த வேலை’ என்று வாளியைப் பிடுங்காதீர்கள்.

செய்வதற்குப் பணி நிரம்ப இருக்கிறது. பிள்ளை பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்யவேண்டும். அதற்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. தாயின் பெயரும் தந்தையின் பெயரும் ஆதாரில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளவேண்டும். பின்னாளில் பள்ளியில் சேர்க்கும்போது திருத்த அலைவது பெருந்தொல்லை. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, மஞ்சட்காமாலைத் தடுப்பூசி ஆகியவை அட்டையில் குறிக்கப்பட்டனவா என்று காணவேண்டும். அடுத்தது ஆறாம் வாரம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் தொகை தாயின் வங்கிக் கணக்குக்கே வருமாதலால், கணக்கு நடப்பில் இருக்கிறதா என்று கேட்டு வைக்கவேண்டும். மூத்த பிள்ளையை அங்கன்வாடிக்கு அழைத்துச் சென்று திரும்ப அழைத்து வரவேண்டும். இரவில் ஒரு முறையேனும் எழுந்து தூளியை ஆட்டவேண்டும். மத்திய அரசுப் பணியில் இருப்போர் மருத்துவச் சான்றோடு விண்ணப்பத்தைப் பேற்றுக்கு முன்பே கொடுத்துவைப்பது நலம். ஆறு மாதக் கெடு பிள்ளை பிறந்த நாளிலிருந்தே தொடங்குகிறது.